ஐபி முகவரியும் சப்நெட்டிங்கும்: கையால் கணக்கிட்டுப் புரிந்துகொள்வோம்

நெட்வொர்க்கிங் படிக்கத் தொடங்குபவர்களில் பலர், சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரித்தல்) என்றதும் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐபி முகவரியின் 32 பிட்டுகளில் (0 அல்லது 1 ஆன இலக்கங்களில்) நெட்வொர்க்கையும் கருவியையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்று ஒருமுறையாவது எழுதிப் பார்க்காதவருக்கு, கேள்வி சற்று மாறியதும் அந்த அட்டவணை உதவாமல் போய்விடும். எனவே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு தாளில் எழுதிப் பார்ப்போம். இணையத்தில் கிடைக்கும் சப்நெட் கால்குலேட்டர்களை விடைகளைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முகவரியைப் பைனரியில் எழுதுதல்

நாம் எடுத்துக்கொள்ளும் முகவரி 192.168.10.77. புள்ளிகளால் பிரிக்கப்பட்ட இந்த நான்கு எண்களும் மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்படுபவை. கணினிக்கு இது 32 பிட்டுகள் கொண்ட ஒரே எண். ஒவ்வொரு பகுதியும் 8 பிட்டுகள் கொண்டது என்பதால் அதை ஆக்டெட் என்கிறோம்; அதன் மதிப்பு 0 முதல் 255 வரை இருக்கலாம்.

ஓர் ஆக்டெட்டின் எட்டு இடங்களுக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற மதிப்புகள் உண்டு. 77 என்பது 64, 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அந்த நான்கு இடங்களில் 1, மற்ற இடங்களில் 0 என எழுதினால் 01001101 கிடைக்கிறது. இந்த எட்டு மதிப்புகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கணக்குகளும் இவற்றைக் கொண்டே நடக்கும்.

படி 2: கோட்டைக் கண்டுபிடித்தல்

32 பிட்டுகளில் இடப்பக்கப் பகுதி நெட்வொர்க்கையும், வலப்பக்கப் பகுதி அந்த நெட்வொர்க்கில் உள்ள ஒரு கருவியையும் குறிக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான எல்லையைச் சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். நம் முகவரியை 192.168.10.77/26 என்று எழுதினால், முதல் 26 பிட்டுகள் நெட்வொர்க்குக்கு உரியவை, மீதமுள்ள 6 பிட்டுகள் ஹோஸ்ட்டுக்கு, அதாவது கருவிக்கு, உரியவை என்று பொருள். முதல் 26 இடங்களில் 1, அடுத்த 6 இடங்களில் 0 என நிரப்பி ஆக்டெட்டுகளாகப் பிரித்தால் மாஸ்க் கிடைத்துவிடும்: 255.255.255.192. கடைசி ஆக்டெட் 11000000, அதாவது 128 கூட்டல் 64.

பாடநூல்கள் பலவும் இந்த இடத்தில் ஏ, பி, சி என்ற வகுப்புகளிலிருந்து தொடங்கும். 1981-இல் ஐபி நான்காம் பதிப்பு வரையறுக்கப்பட்டபோது எல்லைக் கோடு 8, 16, 24 ஆகிய பிட்டுகளின் முடிவில் மட்டுமே விழ முடிந்தது. ஆயிரம் கணினிகள் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு 254 முகவரிகள் தரும் சி வகுப்புப் போதாது. 65,534 முகவரிகள் தரும் பி வகுப்பைக் கொடுத்தால் பெரும்பகுதி வீணாகும். இந்த வீணடிப்பைத் தடுக்கத்தான் 1993-இல் சைடர் (CIDR) எனும் வகுப்பில்லா முறை வந்தது. அதன் பிறகு கோட்டை எந்தப் பிட்டிலும் போடலாம் என்றாயிற்று. ஆகவே வகுப்புகளை வரலாறாகத் தெரிந்துகொண்டால் போதும். ஒரு முகவரியின் முதல் எண்ணைப் பார்த்து மாஸ்க்கை ஊகிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

படி 3: நெட்வொர்க் முகவரியும் பிராட்காஸ்ட் முகவரியும்

முகவரியையும் மாஸ்க்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 எழுதுங்கள். முதல் மூன்று ஆக்டெட்டுகள் அப்படியே நிற்கும். கடைசி ஆக்டெட்டில்:

01001101 (77)
11000000 (192)
01000000 (64)

நெட்வொர்க் முகவரி 192.168.10.64. ஹோஸ்ட் பகுதியின் 6 பிட்டுகளையும் 1 ஆக்கினால் 01111111, அதாவது 127. எனவே பிராட்காஸ்ட் முகவரி (அந்த நெட்வொர்க்கின் எல்லாக் கருவிகளுக்கும் ஒரேயடியாக அனுப்ப உதவும் முகவரி) 192.168.10.127. இந்த இரண்டையும் கருவிகளுக்குக் கொடுப்பதில்லை என்பதால் 65 முதல் 126 வரையிலான 62 முகவரிகள் பயன்பாட்டுக்குக் கிடைக்கின்றன. இரண்டின் 6-ஆம் அடுக்கு 64, அதிலிருந்து 2 கழித்தால் 62 என்பதே அந்தக் கணக்கு.

பழகிய பிறகு பைனரி எழுதாமலே விடை காணலாம். 256-இலிருந்து 192-ஐக் கழித்தால் வரும் 64 தான் தொகுதியின் அளவு. சப்நெட்டுகள் 0, 64, 128, 192 ஆகிய எண்களில் மட்டுமே தொடங்கும். 77 எந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

படி 4: கோடு மூன்றாம் ஆக்டெட்டில் விழும்போது

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. 172.16.45.200/20 என்பதை எடுத்துக்கொள்வோம். மாஸ்க் 255.255.240.0, இதில் 255-உம் இல்லாமல் 0-உம் இல்லாமல் நிற்கும் எண் மூன்றாம் ஆக்டெட்டில் உள்ள 240. எனவே கணக்கை அங்கேதான் செய்ய வேண்டும். கடைசியில் உள்ள 200-ஐக் கண்டு திசைமாற வேண்டாம். 256 கழித்தல் 240 என்றால் 16. தொகுதிகள் 0, 16, 32, 48 எனச் செல்கின்றன. 45 என்பது 32-இல் தொடங்கும் தொகுதிக்குள் வருகிறது. ஆகவே நெட்வொர்க் முகவரி 172.16.32.0, பிராட்காஸ்ட் முகவரி 172.16.47.255. இடையிலுள்ள 172.16.40.255, 172.16.41.0 போன்றவை பார்வைக்கு விதிவிலக்குகள் போலத் தோன்றினாலும், இந்த சப்நெட்டில் அவை கருவிகளுக்குக் கொடுக்கத் தகுந்த சாதாரண முகவரிகளே.

படி 5: ஒரு நெட்வொர்க்கைத் தேவைக்கேற்பப் பிரித்தல்

192.168.10.0/24 நம்மிடம் இருக்கிறது. மூன்று பிரிவுகளுக்கு முறையே 100, 50, 20 கருவிகள். கூடவே இரு ரவுட்டர்களை (நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளை) இணைக்க ஒரு சிறு சப்நெட். பெரியதிலிருந்து தொடங்குங்கள். 100 கருவிகளுக்கு 126 இடம் தரும் /25, அதாவது 192.168.10.0 முதல் 127 வரை. 50-க்கு /26, 128 முதல் 191 வரை. 20-க்கு /27, 192 முதல் 223 வரை. ரவுட்டர் இணைப்புக்கு /30, 224 முதல் 227 வரை. 228 முதல் 255 வரை பின்னாளைய தேவைக்கு எஞ்சுகிறது.

ஏன் பெரியதிலிருந்து? 20 கருவிகளுக்கு முதலில் 0 முதல் 31 வரை கொடுத்துவிட்டால், 50 கருவிகளுக்கான /26-ஐ 32-இல் தொடங்கத் தோன்றும். ஆனால் 32 என்பது 64-இன் மடங்கு அல்ல. 192.168.10.32/26 என்று எழுதினாலும் அது 0 முதல் 63 வரையிலான சப்நெட்டுக்குள் இருக்கும் ஒரு ஹோஸ்ட்டைத்தான் குறிக்கும்; ஏற்கெனவே கொடுத்த முகவரிகளோடு மோதும். சரியாகச் செய்வதானால் 64-க்குத் தாவ வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழும்.

படி 6: மாஸ்க் தவறினால் என்ன ஆகும்

ஒரே ஸ்விட்ச்சில் இரண்டு கணினிகள்: ஒன்று 192.168.10.60/24, மற்றொன்று 192.168.10.70/26. முதல் கணினி தன் மாஸ்க்கைக் கொண்டு கணக்கிட்டு, இரண்டாவதைத் தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதாக முடிவு செய்து நேரடியாக அனுப்புகிறது. இரண்டாவதோ 60 என்பது 64-க்குக் கீழே, வேறு நெட்வொர்க்கில் இருப்பதாகக் கருதிப் பதிலைக் கேட்வேக்கு (வேறு நெட்வொர்க்குகளுக்கு வழியாக இருக்கும் ரவுட்டருக்கு) அனுப்புகிறது. கேட்வே அமைக்கப்படாமலிருந்தால் பதில் வந்து சேராது. கேபிளிலோ ஸ்விட்ச்சிலோ எந்தக் குறையும் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் தொடர்பு அறுந்தது போலத் தெரிந்தால், முதலில் இரு பக்கத்து மாஸ்க்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கான முகவரிகளை 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்ற மூன்று தனியார் வரம்புகளிலிருந்தே எடுங்கள். இவை பொது இணையத்தில் ரவுட் செய்யப்படுவதில்லை. 128 பிட் கொண்ட ஐபி ஆறாம் பதிப்பிலும் கோடு போடும் முறை இதுவே, பிராட்காஸ்ட் முகவரி மட்டும் அங்கே கிடையாது.

இப்போது 10.20.130.5/18 என்பதை நீங்களே கணக்கிடுங்கள். நெட்வொர்க் முகவரி 10.20.128.0, பிராட்காஸ்ட் 10.20.191.255, பயன்பாட்டுக்கு 16,382 முகவரிகள் என வர வேண்டும். வராவிட்டால், கோடு எந்த ஆக்டெட்டில் விழுகிறது என்பதை மீண்டும் எண்ணிப் பாருங்கள்.