ஒரு ஆற்றை மேப்பில் படிப்பது எப்படி: மியூஸை வைத்துப் பழகுங்கள்

சேலத்தில் இருந்தபடியே ஐரோப்பாவின் ஓர் ஆற்றைத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் ரைன் வேண்டாம், மியூஸை எடுங்கள். ரைனுக்கு ஆல்ப்ஸ் பனியும் உருகி வருகிறது, அது நமக்குப் பழகாத கணக்கு. மியூஸ் நம் திருமணிமுத்தாறு போல மழையை நம்பியே ஓடுவது. பிரான்ஸில் பிறந்து, பெல்ஜியம் வழியாக நெதர்லாந்து போய், 900 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வட கடலில் சேர்கிறது.

கூகுள் மேப்பில் நிலமேடு தெரிகிற அடுக்கைப் போட்டுக்கொண்டு, ஊர்களை விட்டுவிட்டு, பிறக்கும் இடத்தைத் தேடுங்கள். லாங்க்ர் பீடபூமியில், 409 மீட்டர் உயரம். சேலம் நகரமே ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடோ 1,500! சேர்வராயன் மலையின் ஓடை சில கிலோமீட்டரில் இறங்கிவிடும் உயரத்தை மியூஸ் தன் ஆயுள் முழுக்க இறங்குகிறது, அதனால் மேல்பகுதியில் அது நிதானமாகத்தான் இருக்கும்.

அப்புறம் பள்ளத்தாக்கின் அகலத்தையும் ஆற்றின் அகலத்தையும் ஒப்பிடுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. கொமெர்சி ஊர்ப் பக்கம் பாருங்கள், பெரிய பள்ளத்தாக்கு, உள்ளே சின்ன ஆறு, இவ்வளவு பெரிய பள்ளத்தை இது தோண்டியிருக்கவே முடியாது. கிழக்கே தூல் நகரத்துக்கு நகர்ந்தால் விடை கிடைக்கும்: மோசெல் ஆறு அங்கே சட்டென்று வடகிழக்கே திரும்புகிறது, திரும்பாமல் நேரே போயிருந்தால் மியூஸில் விழுந்திருக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இன்றும் ஆறில்லாத ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது, மோசெல் பிறக்கும் வோஜ் மலையின் கூழாங்கற்கள் மியூஸ் கரைப் படிவுகளில் அகப்படுகின்றன.

வடக்கே ஆர்டென் மலையில் மோந்தெர்மே ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஆறு ஊரைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஒரு முழு வளையம் போடும். மலை மெல்ல எழ எழ, முன்பே ஓடிக்கொண்டிருந்த ஆறு விடாமல் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். மழை ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சீராகப் பெய்தாலும், கோடையில் வெயிலும் செடிகொடிகளும் அதை இழுத்துவிடுவதால் குளிர்காலத்தில்தான் ஆறு பெருகும். 1993 டிசம்பரில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரம் அருகே நொடிக்கு 3,000 கன மீட்டருக்கு மேல் வந்தது, மேட்டூர்க் கணக்கில் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டும். வறண்ட கோடையில் அதே இடத்தில் இரண்டாயிரம் கன அடிகூட இருக்காது. ஆர்டெனின் பாறை தண்ணீரைக் குடிக்காது, சரிவும் அதிகம், பெய்தது அப்படியே ஊர்த், வெஸ்த்ர் போன்ற துணை ஆறுகள் வழியாக இறங்கிவிடும். 2021 ஜூலையில், ஆறு வற்றிக் கிடக்க வேண்டிய மாதத்தில், வெஸ்த்ர் கரை ஊர்கள் மூழ்கிப் பலர் இறந்ததற்கு அந்தப் பாறையும் சரிவும் ஒரு காரணம்.

சரி, இதே வரிசையில் சரபங்கா ஆற்றையும் ஒருமுறை பாருங்கள். ஓமலூர் தாண்டியதும் பள்ளத்தாக்கின் அகலம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.