ஐஸ்தண்ணீரில் தேறிய கூவை மா

கிளிநொச்சியில் எங்கள் வளவில் கிண்டிய கூவைக்கிழங்கில் (ஆரோரூட்) முதலில் எடுத்த மா புளித்து நாறியது. துருவி, தண்ணீரில் பிசைந்து, வேட்டித் துணியில் வடித்து, இரவு முழுக்க அடைய விட்டதுதான் பிழை. வன்னி வெக்கையில் கரைசல் நொதித்துவிட்டது. சுடுதண்ணீரும் உதவாது, மா கூழாகிவிடும்.

அடுத்த முறை செதில் தோலை ஒன்றுவிடாமல் உரித்தேன், கசப்பு அதில்தான். ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் கரைத்தேன். 3 மணித்தியாலத்தில் மா அடியில் இறுகியது. தண்ணீரை வடித்து, மேலே படிந்த பழுப்புப் படையைக் கரண்டியால் வழித்தேன். தண்ணீர் தெளியும்வரை, 4 தரம், புதிதாகக் குளிர்நீர் விட்டு அலசினேன். அப்புறம் ஓலைப்பாயில் துணி விரித்து 2 நாள் வெயில்.

வெள்ளை வெளேரென்ற மா, புளிப்பு மணம் துளியும் இல்லை. வயிற்றோட்டத்தில் வாடிப்போயிருந்த அம்மம்மாவுக்கு அதில்தான் கஞ்சி காய்ச்சினேன்.