‘நைட்ரேட் 18’ என்று மட்டும் எழுதாதீர்கள்

போன வாரம் ஆத்தூரில் வசிஷ்ட நதிப் பாலத்தின் மேல் நின்றிருந்தேன். கீழே மூன்று மாணவர்கள் வாளியில் தண்ணீர் மொண்டு, அங்கேயே சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி எண்ணைச் சொல்ல, பக்கத்தில் இருந்தவன் குறிப்பேட்டில் எழுதினான்: “நைட்ரேட் 12.” அவ்வளவுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே கரையில் இதே மாதிரி ஒரு வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

வசிஷ்ட நதி ஸ்வேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. ஆற்றைப் பார்க்கிற நாமும் கழிமுகத்தைப் பார்க்கிறவர்களும் சேர்ந்து வேலை செய்தால்தான் முழுக் கதையும் தெரியும். கையுறை போடு, பாட்டிலைக் கழுவு என்பதையெல்லாம் ஆய்வகத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அதை விடுகிறேன். அங்கே சொல்லாத, ஆற்றங்கரையில் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எதன் எடை என்று எழுதாமல் விடுவது

நைட்ரேட் என்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அது முழுவதையும் எடை போடலாம். அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடை போடலாம். முதலாவது 62 என்றால் இரண்டாவது 14. வித்தியாசம் 4.43 மடங்கு. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அமெரிக்கா 10 என்கிறது. அமெரிக்கர்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்று வியந்து என் மாணவர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்; நாம் நைட்ரேட்டாகச் சொல்கிறோம், அவர்கள் நைட்ரஜனாக. கடல் ஆய்வாளர்களோ எடையை விட்டுவிட்டு, துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் மைக்ரோமோல் என்ற அலகில் எண்ணுவார்கள்.

நான் அனுப்பிய அட்டவணையில் “நைட்ரேட் 18 மி.கி.” என்று இருந்தது. நைட்ரேட்டாகத்தான் அளந்திருந்தேன்; அதாவது 290 மைக்ரோமோல். கடற்கரையில் இருந்த கூட்டாளி அதை நைட்ரஜன் என்று எடுத்துக்கொண்டு 1,286 ஆக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எழுதாமல் விட்டவன் நான். அந்த எண்ணை வைத்து ஏழு மாதம் பாசிப் பெருக்கத்தைக் கணக்கிட்டோம். குச்சிக்கிழங்குக் காடுகளுக்குப் போடும் யூரியாதான் காரணம் என்று முடிவு கட்டினோம். அதை விவசாயிகள் கூட்டம் ஒன்றில் போய்ப் பேசவும் செய்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “அத்தனை யூரியா வாங்க எங்களிடம் பணம் ஏதுங்க?” என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அன்றிரவு பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. எண்ணைத் திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அதை நம்பி அந்தப் பருவமழைக்கான மாதிரி இடங்கள் எல்லாவற்றையும் காட்டோரமாக மாற்றியிருந்தோம். மழை பெய்து ஓய்ந்துவிட்டது.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: “18 மி.கி./லி., நைட்ரேட்டாக.” கூடுதலாக ஒரு சொல். பாஸ்பேட்டிலும் இதே குழி உண்டு. அங்கே சுமார் மூன்று மடங்கு.

பாலத்திலிருந்து இறங்கிப் போய் அந்த மாணவனிடம், “12 சரி, எதாக?” என்று கேட்டேன். “தண்ணீராகத்தான் சார்” என்றான்.

ஓட்டத்தை அளக்காமல் திரும்புவது

ஒரு லிட்டரில் எவ்வளவு என்பது மட்டும் தெரிந்தால் கடலுக்கு எவ்வளவு போகிறது என்று சொல்ல முடியாது. நொடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பதால் பெருக்க வேண்டும். சித்திரையில் ஆறு குட்டை குட்டையாகக் கிடக்கும். இறங்க வசதி என்று எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். கரையில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போவது ஐப்பசி வெள்ளம். அப்போது பாலத்தில் என்னையும் ஆடு மேய்ப்பவரையும் தவிர யாரும் இருப்பதில்லை.

ஒரே மலை, ஒரே கழிமுகம் என்று எண்ணுவது

சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு திருமணிமுத்தாறாகச் சேலத்தைக் கடந்து காவிரிக்குப் போகிறது. இன்னொரு பங்கு வாணியாறாகத் தென்பெண்ணைக்கு. இவை இரண்டும் வெள்ளாற்றின் கழிமுகத்துக்கு வருவதில்லை. வரைபடம் பாருங்கள்.

ஓதத்தை மறப்பது

சேலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் ஒரே பக்கம்தான் ஓடும். பரங்கிப்பேட்டையில் அது நாளுக்கு இரண்டு முறை திரும்பி வரும். முதல் தடவை போனபோது காலையில் காட்டிய உப்பின் அளவு மதியம் ஏறிவிட, கருவி கெட்டுவிட்டது என்று அதைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். படகுக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கடல் ஏறுது சார்” என்றார். நேரத்துக்குப் பக்கத்தில் ஏற்றமா வற்றமா என்றும் எழுதுங்கள்.

பாட்டிலில் பேனாவால் எழுதுவது

ஐஸ் பெட்டியில் அழிந்துவிடும். பென்சில்.