எருமை வேட்டைத் துப்பாக்கி: தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள்

களக்காடு, முண்டந்துறைப் பக்கம் வேட்டைக்கு இடமே கிடையாது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. விளையில் பன்றி இறங்கினாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும். இந்தக் குறிப்பு, ஆப்பிரிக்காவில் பிழைக்கப் போய், அங்கே காட்டெருமை வேட்டைக்கு உரிமத்தோடு துப்பாக்கி செய்யக் கொடுக்கும் நம்ம திருநெல்வேலிக்காரர்களுக்கு.

ஆக்‌ஷனை, அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதியை, வாங்கிவிட்டுத் தோட்டா தேடாதீர்கள். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் (.375 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்) தோட்டாவின் மொத்த நீளம் 3.6 அங்குலம், மவுசர் 98 என்ற பழைய ஜெர்மன் ஆக்‌ஷனின் சாதாரண அளவில் அடங்காது. அடங்க வைக்கக் குடைந்தால், போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) லக், அதாவது பூட்டும் பல், அமரும் இடத்துக்குப் பின்னால் இரும்பு மெலிந்துபோகும். மவுசரைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் 9.3×62 தோட்டா (குண்டு 9.3 மி.மீ. விட்டம், கூடு 62 மி.மீ. நீளம்) அதில் அப்படியே பொருந்தும். ஆனால் பல நாடுகளில் எருமைக்குச் சட்டப்படி .375-க்குக் கீழே அனுமதி இல்லை.

அடுத்த பெரிய தோட்டாவான .416 ரிக்பி, 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 2,400 அடி வேகத்தில் தள்ளும். மருந்து அடைக்கும் உலோகக் கூடு பெரிது, அதனால் அழுத்தம் குறைவு. பாளையங்கோட்டைச் சித்திரை வெயில் மாதிரி காய்ந்தாலும் சுட்ட கூடு சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை) இறுகிக்கொள்வது அரிது. உதைதான் தொல்லை, .375-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவருக்கு அது வீண் செலவு. .375-இல் 300 கிரெய்ன் குண்டு, துப்பாக்கி நாலு கிலோவுக்குக் குறையாமல்: பெரும்பாலோருக்கு இதுவே போதும். பெட்டி விமானத்தில் தொலைந்தாலும் இந்தத் தோட்டாதான் அங்கே எளிதில் கிடைக்கும்.

சாஃப்ட் (பட்டதும் விரியும் குண்டு), சாலிட் (விரியாமல் ஆழமாகத் துளைக்கும் குண்டு) இரண்டையும் 50 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் படாமல் தள்ளித் தள்ளி விழுந்தால் குண்டை மாற்றுங்கள். மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களால் மேகசினை நிரப்பி, போல்ட்டை மெதுவாகவும் வேகமாகவும் தள்ளுங்கள். ஒன்று சிக்கினாலும் துப்பாக்கியை வாங்காமல் திருப்பிக் கொடுங்கள்.