குளிர் என்று விட்டுவிடாதீர்கள்: மனநல மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள்

நீலகிரியில் பிள்ளை அடிக்கடி சிறுநீர் போனால் குளிர் என்போம். வாந்தி எடுத்தால் மலைப்பாதை பஸ், மூச்சு வாங்கினால் சளி. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் மாதிரி மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு அப்படிச் சொல்லி விட்டுவிடாதீர்கள். இவை பசியைக் கிளப்பி எடையைக் கூட்டும்; இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் ஏற்றலாம். அரிதாக, சர்க்கரை எகிறி இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும்.

எங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒரு ஜனவரி இரவு. வெளியே உறைபனி. வாந்தி என்று வந்த பையன், காத்திருந்த நேரத்தில் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு அம்மாவிடம் இன்னும் தண்ணீர் கேட்டான். மூன்று நாளாகப் படுக்கையை நனைக்கிறானாம். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறானா?" என்று மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் அந்த அம்மா பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்தார், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே. மறைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆனால் அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் தவறும் உண்டு: விரலில் குத்திச் சர்க்கரை பார்க்காமலே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது. வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கரைத்துக் கொடுப்பதும் அதேதான். இந்த அறிகுறிகளோடு சர்க்கரை 200-ஐத் தாண்டியிருந்தால், இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் என்ற பொருள் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

"கோயம்புத்தூர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பாதீர்கள். குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும், அதை இங்கேயே செய்துவிடலாம். ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கினாலோ, பிள்ளை மந்தமாகிவிட்டாலோ உடனே 108.

அப்புறம் ஸ்வெட்டர். "உடம்பு தேறிட்டான்" என்று மகிழ்ந்துகொண்டிருப்போம், எடை ஏறுவது உள்ளே மறைந்திருக்கும். மஃப்ளரை அவிழ்த்துப் பின்கழுத்தைப் பாருங்கள். அங்கே வெல்வெட் போலக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை, கடலை மாவு போட்டுத் தேய்க்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். மாத்திரை தொடங்கும்போதே எடை, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து எழுதி வைக்க வேண்டும். பிறகு 4, 8, 12-ஆம் வாரங்களில் எடை. 12-ஆம் வாரம் இரத்தப் பரிசோதனையும்.

இதைப் படித்துப் பயந்து இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், பழைய தொந்தரவும் திரும்பலாம். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது எடை எழுதிய தாளையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.