காற்று அனுமதி சீக்கிரம் வேண்டுமா? செலவை முதலில் கணக்குப் போடுங்கள்

ஆரணி, வேலூர் பக்கம் ஆலை வைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அனுமதியைச் சீக்கிரம் வாங்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான். 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டப்படி விண்ணப்பம் சேர்ந்த நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் அதுவரை வங்கி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அந்த அவசரம் எனக்குப் புரிகிறது.

சரி, பணத்தை எங்கே போடுவது? இடைத்தரகர் கையில் வேண்டவே வேண்டாம். புகைபோக்கியில் போடுங்கள். ஜெனரேட்டர் புகைபோக்கியின் உயரத்துக்குக் கணக்கு சுலபம்: ஜெனரேட்டரின் மின்திறனைச் சொல்லும் கே.வி.ஏ. அளவின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கிக் கட்டட உயரத்தோடு கூட்டுங்கள். 100 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர். வரைபடத்தில் இது குறைந்தால் கோப்பு திரும்பி வரும், நாள்தான் வீண். உமி எரிக்கும் கொதிகலனா? தூசி பிடிக்கும் கருவியின் விலைப்புள்ளியையும் வரைபடத்தையும் விண்ணப்பத்தோடேயே ஏற்றிவிடுங்கள்.

அப்புறம், வாரிய அதிகாரி நேரில் பார்க்காமலே கையெழுத்து விழுந்தால் லாபம் என்று நினைக்காதீர்கள். பக்கத்து மொட்டை மாடியில் காயும் வடகத்தின் மேல் உமிச்சாம்பல் கறுப்பாகப் படியும், அதையேதான் அந்த வீட்டுப் பிள்ளைகளும் மூச்சில் இழுப்பார்கள், புகார் வந்த பிறகு கருவி மாட்ட ஓடுகிற ஆலையை நிறுத்த வேண்டும். ஆய்வுக்கு வருகிறவரை நீங்களே கொதிகலன் வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.