ஆற்றங்கரைப் பக்கம் அளவான வீடு: இடம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் கீழும் மாடியுமாக வீடு, பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதை விற்றுவிட்டு ஓசூர், காவேரிப்பட்டணம், இருமத்தூர் என்று தென்பெண்ணை போகும் வழியில் அளவாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு, மிச்சத்தை வங்கியில் போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் நிறைய. கணக்கு சரிதான். இடம் பார்க்க வரும் மாதத்திலேயே பிசகு தொடங்கிவிடுகிறது.

தை மாத ஆற்றைப் பார்த்து முன்பணம் கொடுப்பது

பொங்கல் விடுமுறையில் வந்தால் ஆறு அழகாகத்தான் இருக்கும். மழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும், வெயில் உறைக்காது. தரகரும் அந்த நேரம் பார்த்துத்தான் அழைப்பார். அதே இடத்தை மே மாதம் ஒரு தடவையும், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெருமழை பெய்த மறுநாள் ஒரு தடவையும் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஓசூர் பக்கம் என்றால் நுரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தென்பெண்ணை கொடியாளத்தில் தமிழகத்துக்குள் நுழைவதற்குள் பெங்களூரின் கழிவுநீர் அதில் கலந்துவிடுகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேர்வதும் இந்த ஆற்றில்தான். சோப்புத்தூள் கலந்த தண்ணீர் தேங்கி நிற்கும்போது சாதுவாகத் தெரியும். கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்து, தண்ணீர் விழுந்து அடிபடும்போதுதான் நுரை பொங்கிக் கிளம்பும். தரைப்பாலத்தை நுரை மூடி வண்டிகள் நின்ற நாட்களும் உண்டு. மதகு மூடியிருக்கும் நாளில் போய்ப் பார்த்துவிட்டு ‘ஆறு சுத்தமாக இருக்கிறதே’ என்று திரும்புவதில் பயனில்லை. ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி ஆற்றுநீர் பிடித்து, மூடி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். சில நிமிடம் கழித்தும் நுரை அடங்காமல் நின்றால் அந்த இடத்தில் வாசனையும் இருக்கும், கொசுவும் இருக்கும். காற்று அசையாத விடியற்காலையில் போய் நின்றால் மூக்கே சொல்லிவிடும்.

காவிரி ஓடும் ஒகேனக்கல் பக்கம் கதை வேறு. உள்ளூரில் சொட்டு மழை இல்லாமலே ஆடி மாதம் வெள்ளம் வரும். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பினால் இங்கே நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டும். பரிசல் நிறுத்தப்படும் அந்த நாட்களில் கரையோரக் குடியிருப்புகளுக்கு எச்சரிக்கையும் வரும். சுற்றுலாவுக்கு அருமையான ஊர். வயதானவர்கள் குடியிருக்க, குறைந்தபட்சம் பென்னாகரத்துக்கு மேலேறி வந்துவிடுவது நல்லது.

வெள்ளம் எங்கே வந்தது என்று கேட்காமல் விடுவது

‘இங்கெல்லாம் தண்ணீர் வந்ததே இல்லை’ என்று விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை இழுத்துப் போனது. அங்கே ஊருக்குள் வந்தது ஏரித் தண்ணீர். ஆகவே ஆற்றை மட்டும் பார்த்தால் போதாது. மனைக்கு மேற்பக்கம் ஏரி இருக்கிறதா, அதன் உபரிநீர் வழியும் கோடி எந்தப் பக்கம், அந்த நீர் போகும் ஓடை இப்போது எங்கே என்று கேளுங்கள். ஓடையைக் காணோம் என்றால், பெரும்பாலும் அது உங்களுக்குக் காட்டும் மனைகளுக்கு அடியில்தான் இருக்கும்.

தடயங்களை நீங்களே தேடலாம். கரையோரப் புங்க மரத்திலும் வேலிக் கருவையிலும் பாலிதீன் பைகளும் வைக்கோலும் எந்த உயரத்தில் சிக்கித் தொங்குகின்றன என்று பாருங்கள். அதுதான் கடைசி வெள்ளத்தின் மட்டம். பழைய வீடுகளின் சுவரில் சுண்ணாம்பு உப்பி, சேற்று நிறத்தில் ஒரு கோடு ஓடும். அதிலிருந்து டேப் வைத்து அளந்து, வாங்கப்போகும் வீட்டின் தரைமட்டத்தோடு ஒப்பிடுங்கள். தரைமட்டம் அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டடியாவது இல்லையென்றால் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம்.

ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவுக் கரையில் மனை வேண்டாம். வேகமான நீரோட்டம் மோதி அரிப்பது அந்தப் பக்கத்தைத்தான். உள்வளைவில் மணல் படியும், நிலம் நீள்வதுபோலத் தெரியும். அந்த நிலம் பட்டாவில் இருக்காது. கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே, காவேரிப்பட்டணம் பக்கம் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அணையின் முழு உயரம் 52 அடி. நீர்மட்டம் அதை நெருங்கும்போதே கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வந்துவிடும். 2017 நவம்பரில் ஒரு ஷட்டரே உடைந்து தண்ணீர் வெளியேறியது.

வீட்டுக்கு வரும் ஒரே வழி தரைப்பாலம் என்றால், வீடு எவ்வளவு மேட்டில் இருந்தாலும் பிரயோசனமில்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் அக்கரையில் நிற்கும்.

பட்டா, இ.சி. (வில்லங்கச் சான்று) இரண்டோடு திருப்திப்படுவது

ஆற்றோர நிலத்தில் சிக்கல் பெரும்பாலும் எல்லையில்தான் வரும். வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் பக்கத்துச் சர்வே எண் ஓடைப் புறம்போக்கு என்பது அதில் தெரியாது. அதற்குச் சர்வே எண்வாரியாக நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேடும், எல்லை அளவுகளைக் காட்டும் வரைபடமான புலப்பட நகலும் வேண்டும். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டுமல்ல, ஒட்டியுள்ள எண்களுக்கும் எடுங்கள். ‘அ’ பதிவேட்டில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று வகைப்பாடு எழுதியிருக்கும். புலப்படத்தை வைத்து உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு கல் நடச் சொல்லுங்கள். வேலி ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமும் நின்றால், கல்லுக்கு வெளியே இருப்பது உங்களுடையதல்ல. காம்பவுண்டு சுவரோ செப்டிக் டேங்கோ புறம்போக்கில் இருந்தால் அகற்றச் சொல்லி நோட்டீஸ் வரும்.

மனைப்பிரிவாக இருந்தால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். ஓசூர் என்றால் புதுநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் விசாரிக்க வேண்டும். நீர்நிலைக்குப் பக்கம் என்பதால் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா, அதில் மனையை எத்தனை அடி உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உயர்த்தச் சொல்லியிருந்தால் மண் கொட்டியிருப்பார்கள். ஒரு மூலையில் ஐந்தடிக் குழி தோண்டினால் தெரிந்துவிடும்: செங்கல் துண்டு, சாக்கு, கட்டட இடிபாடு வந்தால் அது கொட்டிய மண். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் முதல் மழையிலேயே இறங்கும், சுவரில் சாய்வாக விரிசல் விடும்.

பதிவுச் செலவை மறந்து பட்ஜெட் போடுபவர்களும் உண்டு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

ஆறு பக்கத்தில் இருந்தால் குடிநீர்க் கவலை இல்லை என்று நினைப்பது

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரின் தலையாய பிரச்சினை ஃபுளோரைடு. அது பாறையிலிருந்து கரைந்து வருவது. ஆறு பக்கத்தில் ஓடினாலும் ஆழ்துளைக் கிணற்றில் இருக்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் பல்லில் கறையும், நாளடைவில் மூட்டு, எலும்பில் இறுக்கமும் வரும். காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. கருவி குறைக்கும், ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பங்கைக் கழிவாக வெளியே விடும்.

சோதனைக்குத் தண்ணீர் பிடிப்பதிலும் முறை உண்டு. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட்டு, ஒரு லிட்டர் புது பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் தனி பாட்டில்; ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிட வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஃபுளோரைடு, மொத்த உப்பு, நைட்ரேட், கடினத்தன்மை எல்லாம் பார்த்துத் தருவார்கள். சோதனையை மே மாதம் செய்யுங்கள், அப்போதுதான் அளவு உச்சத்தில் இருக்கும். ஒகேனக்கல் குழாய் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். குடம் பிடிப்பவர் சொல்லும் கணக்கே சரியான கணக்கு.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து 90. பார்க்க வேண்டியது, உங்கள் மருத்துவர் இருக்கும் இடத்துக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பதை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்த நேரம் எதற்கும் உதவாது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்தபின் ஓசூர்க்காரர்கள் அதுவரை சாலையில் போய், பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்ட ரயிலில் ஏறிவிடலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. தருமபுரிக்கு உண்டு, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டு மாவட்டத் தலைநகரிலும் இருக்கிறது. வீட்டிலிருந்து அது அரை மணிக்குள் இருக்கட்டும்.

ஓசூர் சானமாவுக் காட்டுப் பக்கம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் பார்ப்பவர்கள் யானை நடமாட்டத்தை வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ராகி விளையும் நாட்களில் கூட்டமாக வரும், இருட்டில் நடைப்பயிற்சி கூடாது.

வீட்டைச் சுருக்கி நிலத்தைப் பெருக்குவது

இரண்டு பேருக்கு வீடு என்று கிளம்பி, ‘விலை மலிவு’ என்று அரை ஏக்கர் பண்ணை மனையில் போய் முடிப்பவர்கள் ஏராளம். வேலி, மோட்டார், பாம்பு, காவலாள் என்று பெங்களூர் வீட்டைவிட வேலை கூடும். மூன்று சென்ட் மனையில், படியில்லாத ஒரே தளத்தில், 700 சதுர அடி போதும். குளியலறைக் கதவு மூன்றடி அகலம் வையுங்கள், சக்கர நாற்காலி நுழையும்.

விவசாய நிலத்துக்கு வரியிலும் இடி உண்டு. வீட்டை விற்ற லாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் இன்னொரு வீடுதான் வாங்க வேண்டும்: விற்பதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள்ளோ விற்ற பின் இரண்டு வருடத்துக்குள்ளோ, கட்டுவதென்றால் விற்ற பின் மூன்று வருடத்துக்குள். வெறும் மனையோ தோப்போ கணக்கில் வராது. வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதிக்குள் செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் தோட்டம் வாங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அனுமதியில்லை, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் தயக்கம் இருந்தால், அதே தெருவில் ஜூலையிலிருந்து 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் அதற்குள் வந்துவிடும். பெங்களூர் வீட்டை அதுவரை விற்க வேண்டாம்.